ஸ்ப்ரே பாலிஷை நாமே கலக்கலாமா?

கேள்வி: சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறேன். வண்டி பளிச்சென்று இருந்தால்தான் சவாரிக்கு மரியாதை. ஆனால் ஸ்ப்ரே பாலிஷ் பாட்டில் மாதாமாதம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. ராணிப்பேட்டையில் தோல் கெமிக்கல் கடையில் வேலை பார்க்கும் என் மச்சான், "பாட்டிலில் இருப்பது எங்கள் கடை சிலிக்கோன் எமல்ஷன்தான், நாமே கலந்துக்கலாம்" என்கிறார். நம்பலாமா? (வாசகர், காட்பாடி)

பதில்: மச்சான் சொல்வது முக்கால்வாசி உண்மை. எமல்ஷன் என்றால் எண்ணெய் தண்ணீரில் பிரியாமல் கலந்து நிற்கும் சரக்கு. சாதாரண ஸ்ப்ரே பாலிஷில் பெரும்பகுதி தண்ணீர். கூடவே கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெய், அது தண்ணீரில் பிரியாமல் இருக்க எமல்சிஃபையர், சீக்கிரம் காய ஆல்கஹால், கெடாமல் இருக்க ஒரு மருந்து, வாசனை. சிலவற்றில் மெழுகும் உண்டு. பளபளப்பைத் தருவது முக்கியமாகச் சிலிக்கோன். பெயிண்டின் மேல் மெல்லிசாகப் படர்ந்து நுண்ணிய கோடுகளை நிரப்பிவிடுவதால் வெளிச்சம் சிதறாமல் திரும்புகிறது. தோலில் ஃபினிஷிங் செய்யும்போது கைக்கு வழவழப்பாக இருக்க அடிப்பதும் இதே குடும்பச் சரக்குதான். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இருப்பவர்களுக்கு இது ஒரு வசதி.

மீதிக் கால்வாசியில்தான் சிக்கல். காசு மிச்சம் என்று வெறும் சிலிக்கோன் எண்ணெயை வாங்கி, பாத்திரம் கழுவும் லிக்விடோடு மிக்ஸியில் அடிக்காதீர்கள். சீக்கிரமே எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே என்று நிற்கும். தயார் எமல்ஷனாகவே வாங்குங்கள். அதில் சிலிக்கோன் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 35, 60 என்ற அளவுகளில் பரவலாக வருகிறது. உங்கள் கலவையில் 3 சதவீதம் இருந்தால் போதும். அதாவது ஒரு லிட்டருக்கு 35 சதவீத எமல்ஷன் என்றால் சுமார் 85 கிராம், 60 என்றால் 50 கிராம். கூடுதலாக ஊற்றினால் கூடுதலாக மின்னாது. திட்டுத் திட்டாகப் பூசி, தூசியைத்தான் இழுக்கும்.

இன்னொன்றையும் மச்சானிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: சரக்கு கேட்டயானிக்கா (எமல்சிஃபையரில் நேர் மின்னேற்றம் உள்ளது), நான்-அயானிக்கா (மின்னேற்றம் இல்லாதது)? கேட்டயானிக் எமல்ஷனில் சோப்பு, ஷாம்பு வகை எது சேர்ந்தாலும் எலுமிச்சை பிழிந்த பால் மாதிரி திரிந்துவிடும். நான்-அயானிக் என்றால் தொல்லை குறைவு. பைண்டரோ (சாயத்தைத் தோலில் பிடித்து நிறுத்தும் பசை) சாயமோ கலந்த தோல் ஃபினிஷ் சரக்கைத் தொடவே வேண்டாம். காரில் ஒட்டினால் கழுவினாலும் போகாது.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. போர் தண்ணீரில் இருக்கும் உப்பு, வெயிலில் காய்ந்ததும் பெயிண்டில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே சரி. முதலில் எமல்ஷனைத் தண்ணீரில் மெதுவாகக் கரையுங்கள். ஐசோபுரோபைல் ஆல்கஹால் சேர்ப்பதானால் லிட்டருக்கு 50 மில்லி, அதுவும் கடைசியில், கிளறிக்கொண்டே. அது சட்டென்று தீப்பிடிக்கும் சரக்கு, அடுப்படியில் வைத்துக் கலக்காதீர்கள். கார்னாபா மெழுகும் சேர்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அது உருகவே 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். டர்பென்டைனில் போட்டு கேஸ் அடுப்பில் காய்ச்சுவது வீட்டைக் கொளுத்திக்கொள்ளும் வேலை.

கெடாமல் இருக்கும் மருந்து போடாததால் அரை லிட்டருக்கு மேல் கலக்க வேண்டாம். ஒரு ராத்திரி கண்ணாடி டம்ளரில் வைத்துப் பாருங்கள், பிரியவில்லை என்றால் பாட்டிலில் ஊற்றுங்கள். நாளாகி நாற்றம் வந்தால் கொட்டிவிடுங்கள். முதலில் கதவின் கீழ் ஓரத்தில் சோதித்துப் பார்த்த பிறகே பானெட்டுக்குப் போங்கள். வண்டியைக் கழுவி, நிழலில், பானெட் ஆறிய பிறகு அடிக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் பகலில் அடித்தால் துடைப்பதற்குள் காய்ந்துவிடும். முன் கண்ணாடியில் படவே கூடாது. மழையில் வைப்பர் போட்டதும் மசமசவென்று ஆகி, ராத்திரி பெங்களூர் ரோட்டில் எதிர் லைட்டில் ஒன்றும் தெரியாது. பிரேக் டிஸ்க், பெடல், ஸ்டியரிங் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். அப்புறம் வண்டியை டிங்கரிங், பெயிண்டிங் விடும்போது சிலிக்கோன் அடித்திருக்கிறேன் என்று பெயிண்டரிடம் சொல்லிவிடுங்கள். சரியாகத் துடைக்காமல் மேலே அடித்தால் புதுப் பெயிண்ட் குழிகுழியாக விலகும்.

என் யோசனை இதுதான்: மச்சான் அரைக் கிலோ சில்லறையாக வாங்கித் தந்தால் கலந்து பாருங்கள். முழு கேன்தான் தருவோம் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு வண்டிக்கு அது தீரவே தீராது.

கேள்வி: இதையே பாட்டிலில் அடைத்து ஸ்டாண்டில் நண்பர்களுக்கு விற்கலாமா? (அதே வாசகர்)

பதில்: நண்பருக்குச் சும்மா கொடுப்பது வேறு, பாக்கெட் போட்டு விற்பது வேறு. 2011-ஆம் ஆண்டு பொதியப்பட்ட பொருட்கள் விதிகளின்படி தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, தயாரித்த மாதம், வருடம், எம்.ஆர்.பி, புகார் சொல்லத் தொடர்பு விவரம் எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். ஒருவர் வண்டியில் திட்டு விழுந்தாலும் பொறுப்பு உங்கள் தலையில். வேண்டாம்.

கேள்வி: "கீறலை அழிக்கும்" என்று சொல்லி ஒரு ஸ்ப்ரே விற்றார்கள். அடித்ததும் கீறல் மறைந்தது, சில முறை வாட்டர் வாஷ் செய்ததும் திரும்பத் தெரிகிறது. பாட்டிலில் விலையும் இல்லை, முகவரியும் இல்லை. (வாசகி, சத்துவாச்சாரி)

பதில்: கீறல் போகவே இல்லை அம்மா, எண்ணெய் அதை மூடியிருந்தது. கீறலை உண்மையாகத் தேய்த்து எடுக்க நுண்ணிய அரைப்புத் தூள் உள்ள காம்பவுண்ட் வேண்டும். அதுவும் நிறத்தின் மேல் இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட்டோடு நிற்கும் கீறலுக்குத்தான். நகத்தால் வருடிப் பாருங்கள், நகம் தடுக்கினால் எந்த பாட்டிலும் உதவாது, பெயிண்டிங்தான்.

முகவரி இல்லாத பாட்டிலை விற்றதே தப்பு. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தீராவிட்டால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பில் தரவில்லை என்றால் ஜிபே-யில் பணம் அனுப்பிய பதிவையும் பாட்டிலின் நாலு பக்கப் படத்தையும் பத்திரமாக வைத்திருங்கள். மிச்சம் இருக்கும் ஸ்ப்ரேயைக் கொட்டிவிடாதீர்கள், சாட்சிக்கு அதுவும் வேண்டும்.