தாயத்துக்குள் என்ன எழுதியிருக்கிறது?

கேள்வி: வேலூர் லாங் பஜாரில் வெள்ளித் தாயத்து வாங்கிப் பேத்திக்குக் கட்டினோம். யூதர்களிடமும் இந்த வழக்கம் உண்டா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: உண்டு அம்மா. எபிரேயத்தில் அதன் பெயர் 'காமேயா'. தோலிலோ தாளிலோ வெள்ளித் தகட்டிலோ இறைவனின் பெயர்களையும் தேவதூதர் பெயர்களையும் எழுதுவார்கள். பிரசவ அறையில் மாட்டும் தாள்தான் என்னை உருக்கியது. பச்சைக் குழந்தைக்குத் தீங்கு செய்யும் லிலித் என்ற பேயை விரட்ட, செனோய், சன்செனோய், செமன்கெலோஃப் என மூன்று தூதர்களின் பெயர்கள் அதில் இருக்கும். ஆற்காட்டில் என் தங்கை பிறந்தபோது பாட்டி வாசல்நிலையில் வேப்பிலை செருகி, தலைமாட்டில் பாக்குவெட்டி வைத்தாள். அதன் துருவேறிய பிடி இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

1979இல் எருசலேமின் கெத்தேஃப் ஹின்னோம் கல்லறையில் இரண்டு வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. வயது 2,500 ஆண்டுகளுக்கு மேல். பெரியதை விரித்தால்கூட 10 சென்டிமீட்டர் நீளம் இல்லை. நம் தாயத்துத் தகடு போலவே சுருட்டியிருந்தார்கள். உள்ளே, "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்ற ஆசி! யூத வேதத்தின் எண்ணாகம நூலில் உள்ளது அது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

யூத அறிஞர்களில் சிலர் இந்தத் தாயத்து வழக்கத்தை ஏற்கவில்லை. வாசல்நிலையில் பொருத்தும் வேதவசனச் சுருளான மெசூசாவுக்குள் தூதர் பெயர் எழுதுபவர்களை 12ஆம் நூற்றாண்டின் மைமோனிடஸ் கடுமையாகக் கண்டித்தார். நானும் அவர் பக்கம்தான். ஆனாலும் கட்டியதைக் கழற்றச் சொல்ல மாட்டேன். கயிறு கழுத்தில் வேண்டாம், இடுப்பில் தளர்வாக இருக்கட்டும். காய்ச்சல் என்றால் உடனே டாக்டரிடம் தூக்கிச் செல்லுங்கள்.