பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் மருந்து

கேள்வி: இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று பங்குத்தந்தை பாதம் கழுவிய பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன். அன்று அழுதுவிட்டேன். இனி எளிமையாக வாழ்வது என்று முடிவெடுத்து, டிவி, சோபா, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டேன். அம்மாவின் இன்சுலினைப் பக்கத்து வீட்டில் வைத்துக்கொள்கிறோம், அதில் சிரமம் இல்லை. ஆனால் மனைவி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எல்லாவற்றையும் துறந்து ஏழையாக வாழ்ந்த புனிதர் அசிசி பிரான்சிஸ் காட்டிய வழியை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
வாசகர், தூத்துக்குடி

பதில்: சிரமம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, யாருக்கு?

காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை பக்கத்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, “அக்கா, மருந்து” என்று போய் நிற்பது யார்? நீங்களாக இருந்தால் அந்தச் சிரமம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டால்? பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. தூத்துக்குடி வெயிலை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதியோர் இல்லத்துக்கு ஃபிரிட்ஜ் கொடுத்தீர்கள், சரி. உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர் இருக்கிறார்.

பிரான்சிஸ் பெயரைச் சொன்னீர்கள். அவர் கதையை முழுசாகப் பாருங்கள். தகப்பனாரின் துணியையும் குதிரையையும் ஃபொலிஞோ சந்தையில் விற்று, அந்தப் பணத்தில் சான் தமியானோ கோயிலைப் பழுதுபார்க்க நினைத்தார். அங்கிருந்த குரு அந்தப் பணத்தை வாங்க மறுத்துவிட்டார். தகப்பனார் வழக்குக் கொண்டுவந்தபோது, பணத்தைத் திருப்பிக் கொடு என்றுதான் ஆயரும் (பிஷப்) சொன்னார். 1206-ல் அசிசியில் ஆயர் முன்னால் பிரான்சிஸ் பணத்தோடு சேர்த்து உடுத்தியிருந்த துணியையும் கழற்றித் தகப்பனாரிடம் கொடுத்தார். அவிழ்த்தது தன் உடம்பில் இருந்ததை. நீங்கள் எடுத்துக் கொடுத்தது அம்மாவின் மருந்துப் பெட்டியை, மனைவியின் சமையலறையில் பாதியை. அவர்களை ஒரு வார்த்தை கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களை மாற்கு நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தில் இயேசு எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார்! பெற்றவளுக்கான கடமை முதலில், காணிக்கை அப்புறம். இதில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சடங்குகள் வீண் என்று நினைப்பவள் அல்ல நான். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் படும்போது ஒவ்வொரு வருஷமும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். உங்கள் கண்ணீரும் உண்மைதான். ஆனால் அந்தப் பாதம் கழுவலைச் சொல்லும் யோவான் நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். மேலாடையைக் கழற்றி வைத்தவர், துண்டை இடுப்பில் கட்டியவர், பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றியவர், எல்லாம் இயேசுவேதான். நீங்கள் அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். வீட்டுக்கு வந்த பிறகும் இன்னும் எழுந்திருக்கவில்லை.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்காதீர்கள். இந்த மாதச் சம்பளத்தில் ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வாங்குங்கள், பழையதானாலும் பரவாயில்லை. அது வரும்வரை இரண்டு வேளையும் பக்கத்து வீட்டுக்கு நீங்களே போங்கள். ஊசி போடுவதை மனைவியிடம் கற்றுக்கொண்டு அம்மாவுக்கு நீங்களே போடுங்கள். சர்க்கரைக்காரர் கால், விரல் இடுக்கில் புண் இருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். அதையும் நீங்களே கழுவித் துடைத்துப் பாருங்கள்.

கடைக்குப் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த ஃபிரிட்ஜ் என்று அவர் சொல்லட்டும்.