அவெய்ட்டுக்குப் பிறகு வேறொருவரின் டெனன்ட் ஐடி வருகிறது: பதில்
த்ரெட்ஸ்டாட்டிக்கில் (ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி மதிப்பு வைக்கும் மாறி) வைத்த டெனன்ட் ஐடி (எந்த வாடிக்கையாளருடைய ரிக்வெஸ்ட் என்று காட்டும் அடையாளம்) அவெய்ட் தாண்டியதும் வேறொருவருடையதாக இருக்கிறது என்கிறீர்கள். ஏஎஸ்பி டாட்நெட் கோரில் அவெய்ட்டுக்குப் பிறகான மீதிக் கோடு த்ரெட் பூலில் (மறுபடி மறுபடி பயன்படும் த்ரெட்களின் தொகுப்பு) கிடைக்கும் எந்த த்ரெட்டிலும் ஓடும். பழைய த்ரெட்டில் ஐடி அப்படியே கிடக்கும்.

உங்கள் நேட்டிவ் லைப்ரரிக்கு அது த்ரெட்டில்தான் வேண்டும் என்பதால், ஐடியை அசிங்க்லோக்கலில் (த்ரெட் மாறினாலும் அசிங்க் கோடோடு கூடவே செல்லும் மதிப்பு) வைத்து, அதன் கன்ஸ்ட்ரக்டருக்கு ஒரு ஹேண்ட்லர் (மதிப்பு மாறும்போது ஓடும் ஃபங்ஷன்) கொடுங்கள். கான்டெக்ஸ்ட் மாறி மதிப்பு வேறாகும்போதெல்லாம் அது அழைக்கப்படும். உள்ளே கரன்ட்வேல்யூவை (ஹேண்ட்லருக்கு வரும் புதிய மதிப்பு) த்ரெட்ஸ்டாட்டிக்கில் எழுதினால் போதும். த்ரெட் பூலுக்குத் திரும்பும்போது வெற்று மதிப்பு (ஐடி ஸ்ட்ரிங் என்றால் நல்) வரும். அதையும் தவறாமல் எழுதுங்கள், இல்லையென்றால் அடுத்த ரிக்வெஸ்ட்டில் பழைய ஐடி ஒட்டிக்கொள்ளும். ஹேண்ட்லருக்கு வரும் த்ரெட்கான்டெக்ஸ்ட்சேஞ்ச்டு ட்ரூ என்றால் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச், ஃபால்ஸ் என்றால் உங்கள் கோடே மாற்றியது; இரண்டிலும் எழுத வேண்டும்.

கான்டெக்ஸ்ட் ஸ்விட்சின்போது ஹேண்ட்லரிலிருந்து எக்ஸெப்ஷன் வெளியேறினால் ப்ராசஸே விழுந்துவிடும். லாகிங்கூட அதற்குள் வேண்டாம்.