மூடி வைத்த மாஸ்க்கில் தின்னர் வாசனை எங்கிருந்து வருகிறது?

கேள்வி: வாரம் ஒருநாள் இரண்டு மணி நேரம் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிறேன். கரி கார்ட்ரிட்ஜ் பொருத்திய மாஸ்க் போடுவதால் வேலை நேரத்தில் வாசனையே தெரிவதில்லை. காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைத்து, அடுத்த வாரம் எடுத்துப் போட்டால் முதல் மூச்சிலேயே தின்னர் வாசனை. டப்பா சரியில்லையா? வெயிலில் காயவைத்தால் போதும் என்கிறார் விற்றவர். செய்யலாமா?

பதில்: டப்பா மீது பழி வேண்டாம். வெயிலிலும் வைக்க வேண்டாம். அந்த கார்ட்ரிட்ஜை இன்றே தூக்கிப் போடுங்கள்.

கரி பிடித்த ஆவி, பிடித்த இடத்திலேயே கிடக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது கிடப்பதில்லை, ஊர்கிறது. கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பவை மணல் பருக்கையைவிடச் சற்றுப் பெரிய கரி மணிகள். ஒரு கிராம் மணிகளின் உட்சுவர்களை விரித்தால் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர் வரும். அதில் பெரும்பகுதி 2 நானோமீட்டருக்கும் குறுகலான துளைகளில் இருக்கிறது. தின்னர் மூலக்கூறு அந்தச் சுவரில் லேசாகத்தான் ஒட்டுகிறது. சுவரை விட்டு முழுதாகக் கிளம்ப அதற்கு நிறைய ஆற்றல் வேண்டும். ஆனால் பக்கத்து இடத்துக்குத் தாவ, தோராயமாக அதில் பாதி போதும். அதனால் ஒருமுறை கிளம்புவதற்குள் எத்தனையோ முறை தாவிவிடும், சுவரில் எறும்பு ஊர்வதுபோல. மேற்பரப்பு விரவல் என்பது இதுதான்.

நீங்கள் பெயின்ட் அடித்த இரண்டு மணி நேரத்தில் வெளிப்பக்கத்து மணிகள் நிரம்பின, மூக்கை ஒட்டிய பக்கம் காலியாக இருந்தது. அப்புறம் ஒரு வாரம் சும்மா கிடந்தது. நெரிசலான பக்கத்திலிருந்து காலியான பக்கத்துக்கு ஆவி நகர்ந்தது: மணிக்குள் சுவர் வழியாக, ஒரு மணியிலிருந்து அடுத்ததற்கு இடைக்காற்று வழியாக. டப்பாவை எவ்வளவு இறுக்கி மூடினாலும் இந்த உள்நடமாட்டம் நிற்காது. வெளி ஈரமும் வெளி ஆவியும் புகாமல் தடுக்கும், அவ்வளவுதான்.

இனி வெயில் சங்கதி. கரியை உண்மையில் மீட்டெடுக்கும் ஆலைகளில், மணிகளைக் கூட்டிலிருந்து கொட்டி, உலையில் நீராவியோடு 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்குகிறார்கள். வெயில் அந்தச் சூட்டுக்குக் கிட்டே வராது. கொஞ்சம் ஆவியைக் கிளப்பிவிட்டு, மீதியை இன்னும் வேகமாக உள்பக்கம் ஊரச் செய்யும். காயவைத்ததும் வாசனை குறைந்தது போலத் தோன்றும், அதை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய கூட்டில் புதுக் கரி நிரப்பித் தருகிறோம் என்பவர்களிடமும் போகாதீர்கள். மணிகள் நெருக்கமாக அமராவிட்டால் காற்று இடைவெளி வழியே நேராக மூக்குக்கு வந்துவிடும். அப்புறம் ‘எங்கள் கரிக்குப் பரப்பளவு அதிகம்’ என்ற பேச்சு. பரப்பளவு எவ்வளவு பிடிக்கும் என்பதைத்தான் சொல்லும், பிடித்தது நகராமல் இருக்குமா என்பதைச் சொல்லாது.

ஒரு விலக்கு உண்டு. அதைத் தவறாகப் புரிந்துகொள்பவர்கள் அதிகம் என்பதால் விரித்தே சொல்கிறேன். அம்மோனியா, ஹைட்ரஜன் சல்பைடு போன்றவற்றுக்கான கார்ட்ரிட்ஜ்களில் கரியோடு ரசாயனம் சேர்த்திருப்பார்கள். வாயு அதோடு வினைபுரிந்து வேறு பொருளாகிவிடுவதால் அவ்வளவு எளிதில் ஊராது. ‘என் நண்பர் ஒரே கார்ட்ரிட்ஜை நாள்கணக்கில் போடுகிறாரே’ என்று கேட்பவர்கள், நண்பர் எந்த வாயுவுக்குப் போடுகிறார் என்று பார்ப்பதில்லை. உங்கள் தின்னருக்கு இந்தச் சலுகை கிடையாது. வினை இல்லை, வெறும் ஒட்டல்தான்.

தின்னர் டின்னில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பாருங்கள். அசிட்டோன் 56 டிகிரியில் கொதிக்கும், டைகுளோரோமீத்தேன் 40 டிகிரியில். இப்படிப்பட்டவைதான் வேகமாக நகரும். டொலுவீன் 111 டிகிரி, அது மெதுவாக. ஐரோப்பியத் தரநிலையில் 65 டிகிரியும் அதற்குக் கீழும் கொதிப்பவற்றுக்கு ‘ஏஎக்ஸ்’ என்று தனி வகையே இருக்கிறது, அதை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்ற விதியோடு. சாதாரண ‘ஏ’ வகைக்கும் அதே பழுப்பு நிறம்! உயிர் சம்பந்தப்பட்ட வித்தியாசத்தை ஒரே ஓர் எழுத்தில் ஒளித்துவைத்தால், கடையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? நானும் பல காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஐசோசயனேட் என்ற கெட்டிப்படுத்தும் ரசாயனத்தைத் தனி டின்னிலிருந்து கலந்து அடிக்கும் இரட்டை டின் பெயின்ட் என்றால் வாசனையை அடையாளமாக வைக்கவே வைக்காதீர்கள். அது ஆபத்தான அளவிலும் மூக்குக்குத் தெரியாமல் போகலாம். அதற்கு வெளியிலிருந்து சுத்தமான காற்று தரும் மாஸ்க்தான் சரி.

டின்னில் அசிட்டோன் போல 65 டிகிரிக்குள் கொதிப்பது இருந்தால் அதற்கேற்ற ஏஎக்ஸ் கார்ட்ரிட்ஜை வாங்குங்கள், அன்றைய வேலை முடிந்ததும் கழித்துவிடுங்கள். அப்படி எதுவும் டின்னில் இல்லையென்றால், உறையைப் பிரித்த தேதியையும் போட்ட மணி நேரத்தையும் கூட்டின் மீதே எழுதுங்கள். தயாரிப்பாளரிடம், ‘இந்தத் தின்னருக்கு, இடைவெளி விட்டுப் போட்டால் எத்தனை நாள்?’ என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை வாரத்துக்கு ஒரு புதுக் கார்ட்ரிட்ஜ்.