ஆகாயத்தாமரை மூடிய ஏரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

செடி என்றால் ஆக்சிஜன் தரும் என்றுதானே படித்தோம்? எங்கள் ஏரியில் ஏன் மீன் செத்து மிதக்கிறது?

தரும்தான், ஆனால் காற்றுக்கு. இலைகள் தண்ணீருக்கு மேலே நிற்பதால் ஆக்சிஜனும் மேலேயே போய்விடுகிறது. தண்ணீருக்குள் அது சேர முக்கியமாக இரண்டு வழி: மேற்பரப்பில் காற்று பட வேண்டும், வெயில் உள்ளே இறங்கி நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்ய வேண்டும். நெருக்கமாகப் படர்ந்த செடி இரண்டையும் அடைத்துவிடும். அடியில் அழுகும் இலையும் வேரும் மிச்சமுள்ள ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் பெரும்பாலான மீன்களுக்குப் போதும். 2க்குக் கீழே போனால் திணறல்தான். மேலே வந்து காற்றைக் குடிக்கும் விரால் போன்றவை தப்பிக்கும். அழுகிய முட்டை நாற்றம் வருகிறதா? ஹைட்ரஜன் சல்பைடு. அடிச்சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் சேற்றில் தங்கியிருந்த பாஸ்பரஸும் கரைந்து மேலே வரும், செடிக்கு உரமாக!

சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்கிறதாமே, விட்டுவைக்கலாமா?

நைட்ரஜன், பாஸ்பரஸ், கனஉலோகங்கள் எல்லாவற்றையும் உறிஞ்சும், உண்மை. ஆனால் செடியை வெளியே எடுத்தால்தான் பலன். அங்கேயே செத்தால் உறிஞ்சியது தண்ணீருக்கே திரும்பும். வாரியதைக் கரையில் குவித்து வைத்தாலும் மழையில் வடிந்து உள்ளேதான் போகும்.

களைக்கொல்லி அடித்தால்?

மொத்தச் செடியும் ஒரே சமயத்தில் அழுகும். மீனுக்கு அதைவிட மோசமான வாரம் கிடையாது. இந்தச் செடியைத் தின்னும் நியோசெட்டினா கூன்வண்டுகள் 1990களில் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் நன்றாக வேலை செய்தன, ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் பொறுமை வேண்டும்.

கொசு?

வரும். மான்சோனியா கொசுவின் புழு இந்தச் செடிகளின் வேரைத் துளைத்துத்தான் மூச்சு விடுகிறது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு அது.

உப்புத் தண்ணீரில் சாகுமாமே?

ஆமாம். கேரளாவின் வேம்பநாட்டுக் காயலில், நெல்லுக்காகக் கடல்நீரைத் தடுக்கும் தண்ணீர்முக்கம் தடுப்பணை மூடியிருக்கும் மாதங்களில் இது செழிக்கும். திறந்து உப்பு ஏறினால் வாடும். அதற்காக உங்கள் ஏரியில் உப்பு மூட்டையைக் கொட்டிவிடாதீர்கள், பாசனம் போய்விடும்.

வாரினாலும் சில மாதத்தில் மறுபடி வருகிறதே?

சாதகமான சூழலில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும் செடி. விதைகளோ சேற்றில் 15, 20 ஆண்டுகள்கூடத் தாங்கும். சாக்கடை கலக்கும் வாய்க்காலை முதலில் அடைத்துவிடுங்கள், அப்புறம் வாருங்கள்.