போர் மூண்டால் அரசாங்கம் என் மகனைக் கூட்டி வருமா?

கேள்வி: நான் பரமக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். என் மகன் குவைத்தில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கம்பி கட்டும் வேலை பார்க்கிறான். எட்டாவது வரைதான் படித்தவன். போய் இரண்டரை வருஷம் ஆகிறது. பாஸ்போர்ட்டை கம்பெனி வாங்கி வைத்திருக்கிறது. வளைகுடாவில் சண்டை என்று டிவியில் சொன்னாலே எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. அங்கே ஏதாவது ஆனால் நம் அரசாங்கம் அவனைக் கூட்டி வருமா? டிக்கெட் காசை நாங்கள் கட்ட வேண்டுமா? தூதரகத்தில் பெயர் பதியச் சொல்கிறார்கள், அதனால் பலன் உண்டா? ஊரில் இருக்கிற நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, உங்கள் பயம் நியாயமானது. முதலில் நேராகவே சொல்லிவிடுகிறேன். இதுவரை நடந்ததை வைத்துப் பார்த்தால், பெரிய ஆபத்து வந்தபோதெல்லாம் இந்திய அரசு தன் மக்களை அழைத்து வரத்தான் செய்திருக்கிறது. ஆனால் அழைத்து வந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை. அதைவிட முக்கியமான ஒன்று: தம்பி தங்கியிருக்கிற கேம்ப் வாசலுக்கு யாரும் வரமாட்டார்கள். ஒரு துறைமுகம், ஒரு எல்லைச் சாவடி, ஒரு பள்ளிக்கூடம் என்று ஓர் இடத்தைச் சொல்வார்கள். அந்த இடம் வரைக்கும் அவர்தான் வந்து சேர வேண்டும். நீங்களும் அவரும் செய்ய வேண்டிய வேலையெல்லாம் அந்த முதல் தூரத்துக்காகத்தான்.

குவைத் என்பதால் 1990-ஐ நினைக்காமல் இருக்க முடியாது. ராமநாதபுரம் மாவட்டத்தில் அந்த நாட்களை நேரில் பார்த்துவிட்டு வந்த பெரியவர்கள் இன்னும் இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். அந்த வருஷம் ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் புகுந்தது. அன்றைய வெளியுறவு அமைச்சர் ஐ.கே.குஜ்ரால் பாக்தாத்துக்கே போய் சதாம் உசேனைச் சந்தித்துப் பேசினார். குவைத் விமான நிலையத்தைப் பயன்படுத்த வழியில்லை. அதனால் நம் ஆட்கள் பஸ்ஸிலும் லாரியிலும் பஸ்ரா, பாக்தாத் வழியாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாலைவனத்தைக் கடந்து ஜோர்டானின் அம்மானுக்குப் போனார்கள். அங்கிருந்துதான் ஏர் இந்தியா ஏற்றிக்கொண்டது. ஏறத்தாழ இரண்டு மாதத்தில் 1.7 லட்சம் பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். இன்னும் உள்ளேயே இருந்தவர்களுக்குச் சாப்பாடு அனுப்ப வேண்டியிருந்தது. ஈராக் மீதும் குவைத் மீதும் பொருளாதாரத் தடை இருந்ததால் ஐ.நா.வில் அனுமதி வாங்கித்தான் உணவுக் கப்பலை அனுப்ப முடிந்தது.

இரண்டு மாதம் என்பதைக் கவனியுங்கள். இன்று குவைத்தில் மட்டுமே ஏறத்தாழ 10 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் ஒரு வாரத்தில் தூக்கிவர எந்த அரசாலும் முடியாது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. காத்திருக்க வேண்டிய நாட்களுக்குக் கையில் கொஞ்சம் தினார், மருந்து, தண்ணீர், போனுக்குச் சார்ஜ் என்று அவர் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

"ஏன் உடனே பிளேன் அனுப்பவில்லை?" என்று எல்லாத் தாய்மாரும் கேட்கிறார்கள். போர் தொடங்கியதும் முதலில் மூடப்படுவது வான்வெளி. உக்ரைனில் 2022 பிப்ரவரி 24 அன்று அதுதான் நடந்தது. அன்று காலை கீவ் நோக்கிப் போன ஏர் இந்தியா விமானம் பாதி வழியில் திரும்ப வேண்டியதாயிற்று. வான்வெளி மூடினால் தரைவழியாகவோ கடல்வழியாகவோ பக்கத்து நாட்டுக்குத்தான் வெளியேற வேண்டும். அந்த நாட்டுக்கு நம் ஆட்களிடம் விசா இருக்காது. விசா இல்லாமல் உள்ளே விடுங்கள் என்று அந்த அரசிடம் கேட்க வேண்டும். போகிற சாலையில் குண்டு போடாதீர்கள் என்று சண்டை போடுகிற இரண்டு தரப்பிடமும் பேச வேண்டும். பஸ்ஸும் டீசலும் கிடைக்க வேண்டும். டிவியில் நாம் பார்ப்பது கடைசியில் வருகிற விமானத்தை மட்டும்தான். அதற்கு முந்தைய நாட்களில் போனில் நடக்கும் பேச்சுவார்த்தைதான் உயிரைக் காப்பாற்றுகிறது.

2023 ஏப்ரலில் சூடானில் நடந்த 'ஆபரேஷன் காவேரி'யைப் பாருங்கள். தலைநகர் கார்ட்டூமில் இந்தியத் தூதரகம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சண்டை உச்சத்தில் இருந்த பகுதியில் இருந்தது. ஊழியர்களாலேயே அந்தக் கட்டடத்தில் இருக்க முடியவில்லை. வேறு வேறு இடங்களில் இருந்தபடி போனிலும் வாட்ஸ்அப்பிலும் வேலை பார்த்தார்கள். கார்ட்டூமிலிருந்து சுமார் 850 கிலோமீட்டர் பஸ்ஸில் போர்ட் சூடான், அங்கிருந்து கடற்படைக் கப்பலிலோ விமானப்படை விமானத்திலோ சவூதியின் ஜெத்தா, பிறகு இந்தியா என்று 3,800-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். 2025 ஜூனில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது முதலில் 110 மாணவர்கள் தரைவழியாக அர்மேனியா போய் அங்கிருந்து டெல்லி வந்தார்கள். பிறகு, மூடியிருந்த தன் வான்வெளியை இந்தியர்களை ஏற்றிவரும் விமானங்களுக்காக ஈரான் திறந்துவிட்டது. மஷ்ஹதிலிருந்து நேராகவே வந்தார்கள். ஆகவே, ஆபத்து நேரத்தில் தூதரக வாசலைத் தேடி ஓடுவது சரியான யோசனை அல்ல. தூதரகத்தின் அவசர எண்ணும் அதன் அதிகாரபூர்வ சமூக ஊடகப் பக்கமும் அவர் போனில் இருக்க வேண்டும்.

தூதரக அறிவிப்பை எப்படிப் படிப்பது என்பதை அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள். இதில் ஏமாந்தவர்கள் நிறைய. உக்ரைனில் பிப்ரவரி 15 அன்று, அவசியம் இல்லாதவர்கள், குறிப்பாக மாணவர்கள், தற்காலிகமாக வெளியேறுவதை யோசிக்கலாம் என்றது தூதரகம். 20-ஆம் தேதி, வெளியேறுங்கள் என்று ஆலோசனை சொன்னது. 24-ஆம் தேதி போர். காலேஜ் ஆன்லைன் வகுப்பு நடத்தாது, டிக்கெட் விலை கூடிவிட்டது, நிலைமை சரியாகிவிடும் என்று மாணவர்கள் காத்திருந்ததில் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஒரு தூதரகம் பகிரங்கமாக 'ஓடுங்கள்' என்று எழுதாது. எழுதினால் பீதி கிளம்பும், அந்த நாட்டு அரசும் வருத்தப்படும். எனவே மென்மையாகத்தான் எழுதுவார்கள். "கவனமாக இருங்கள், தேவையற்ற பயணம் வேண்டாம்" என்றால் வேலையைப் பார்த்துக்கொண்டு தயாராக இருக்கலாம். "கிடைக்கிற விமானத்தில் வெளியேறுவதை யோசியுங்கள்" என்று வந்தால், என் அபிப்பிராயம், அன்றைக்கே டிக்கெட் பார்க்க வேண்டும். இரண்டாவது அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டாம்.

அந்தக் கட்டமும் தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 மார்ச் 2-ஆம் தேதி உக்ரைனின் கார்கிவ் நகரம் சாட்சி. நகரத்தை விட்டு உடனே கிளம்புங்கள், பெசோச்சின், பாபாய், பெஸ்லியுதோவ்கா என்ற மூன்று ஊர்களில் ஒன்றுக்கு மாலை 6 மணிக்குள் போய்ச் சேருங்கள் என்று தூதரகம் சொன்னது. தூரம் 11 முதல் 16 கிலோமீட்டர். பஸ்ஸோ ரயிலோ கிடைக்காவிட்டால் நடந்தாவது போகச் சொன்னது. குண்டுச் சத்தத்துக்கு நடுவே, பனியில், பிள்ளைகள் பையைச் சுமந்துகொண்டு நடந்தார்கள். நான் முதலில் சொன்ன அந்த முதல் தூரம் இதுதான்.

பெயர் பதிவதால் பலன் உண்டா என்றீர்கள். நிச்சயம் உண்டு. 2023 அக்டோபரில் இஸ்ரேலிலிருந்து அழைத்து வந்த 'ஆபரேஷன் அஜய்'யில் பதிவு செய்த வரிசைப்படிதான் இடம் கொடுத்தார்கள். பதிவில் இப்போது தங்கியிருக்கும் கேம்பின் முகவரி, பகுதி, போன் நம்பர் எல்லாம் இருக்க வேண்டும். கேம்ப் மாறினால் அதையும் மாற்ற வேண்டும். சிம்மை மாற்றிவிட்டுப் பழைய நம்பரோடு விட்டுவிடுகிறவர்கள்தான் கடைசியில் தொடர்புக்குக் கிடைக்காமல் போகிறார்கள். ஒரே அறையில் இருக்கும் பத்துப் பேரும் சேர்ந்து பதிவது இன்னும் நல்லது.

பாஸ்போர்ட் விஷயம் எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைக்க குவைத் சட்டம் இடம் தரவில்லை, ஆனாலும் வழக்கத்தில் இருக்கிறது. இப்போது அமைதியாக இருக்கிற நேரத்தில் தம்பி அதைக் கேட்டு வாங்கப் பார்க்கட்டும். கிடைக்காவிட்டால் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா, பத்தாக்கா (குவைத் அடையாள அட்டை), வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பள ஆதாரம், எல்லாவற்றையும் தெளிவாகப் போட்டோ எடுத்து உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவசரத்தில் தூதரகம் அவுட்பாஸ் தரும். அதாவது பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக ஒரே ஒரு முறை ஊர் திரும்ப உதவும் சான்று. இவர் இந்தியர்தான் என்று சரிபார்த்த பிறகே அதைத் தருவார்கள். பழைய பாஸ்போர்ட் நகல் கையில் இருந்தால் அந்த வேலை சீக்கிரம் முடியும், இல்லாவிட்டால் இழுக்கும்.

குவைத்தில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 2025 ஜூலை 1 முதல், 18 நம்பர் விசாவில் (தனியார் கம்பெனி வேலை விசா) இருப்பவர்கள் நாட்டை விட்டு வெளியேறக் கம்பெனியின் ஒப்புதலோடு எக்ஸிட் பெர்மிட் வாங்க வேண்டும். குவைத் அரசின் சஹல் செயலியில் விண்ணப்பிக்கலாம். தம்பியின் போனில் அது இருக்கிறதா, அதைப் பயன்படுத்தத் தெரியுமா என்று கேளுங்கள். கம்பெனி ஒப்புதல் தராவிட்டால், அதைத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவில் எழுத்தில் புகார் செய்யலாம். தூதரக அதிகாரி கம்பெனிக்குள் புகுந்து ஆளைக் கூட்டி வர முடியாது, அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனால் குவைத் அரசிடம் பேச முடியும், பேசுகிறார்கள்.

டிக்கெட் காசைப் பற்றி. போர்க்களத்திலிருந்து அழைத்து வந்த உக்ரைன், சூடான், இஸ்ரேல், ஈரான் மீட்புகளில் செலவை மத்திய அரசு ஏற்றது. 2020-ல் கொரோனா காலத்து 'வந்தே பாரத்' விமானங்களில் பயணிகள்தான் கட்டணம் கட்டினார்கள். எனவே எப்போதும் இலவசம் என்று நம்பியிருக்க வேண்டாம். ஒரு வழி டிக்கெட்டுக்கான பணத்தைத் தனியாக வைத்திருங்கள். நாதியற்று நிற்பவர்களுக்கு உதவ ஒவ்வொரு தூதரகத்திலும் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, ஊர் திரும்ப டிக்கெட் வரை அதிலிருந்து தருவார்கள். டெல்லியிலோ மும்பையிலோ இறக்கிவிட்டால், அங்கிருந்து ஊர் வரை தமிழ்நாடு அரசு கொண்டுவந்து சேர்த்த முன்னுதாரணம் 2022-லேயே இருக்கிறது. மீட்பு டிக்கெட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது ஏஜென்ட் பணமோ பாஸ்போர்ட் நகலோ கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஊரில் நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் குடும்பத்தாரே புகார் பதியலாம். சென்னையில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம் இருக்கிறது, மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகவும் மனுக் கொடுக்கலாம். ஒரே ஆள், ஒரே மனு, ஒரே போன் நம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாமா ஒரு இடத்தில், மச்சான் ஒரு இடத்தில் என்று ஆளுக்கொரு மனுப் போட்டால் எழுத்து மாறிய பெயர்கள் தனித்தனி ஆளாகப் பட்டியலில் ஏறிக் குழப்பும். விடாமல் கேட்டால் பலன் உண்டு. ஈரானில் சிக்கிய நம் மீனவர்களுக்காகக் குடும்பங்கள் மாதக்கணக்கில் மனுக் கொடுத்தன. 2020 ஜூலை 1 அன்று பந்தர் அப்பாஸிலிருந்து கடற்படையின் ஜலஷ்வா கப்பல் 687 பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பத்தாவது முடிக்காதவர் என்பதால் தம்பி போகும்போது பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயமாக எடுத்திருப்பார்கள். விபத்தில் உயிரிழப்போ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும் காப்பீடு அது. இரண்டு அல்லது மூன்று வருஷத்துக்குத்தான் எடுப்பார்கள். அவர் போய் இரண்டரை வருஷம் ஆகிறது. இரண்டு வருஷ பாலிசி என்றால் ஏற்கெனவே முடிந்திருக்கும். பிரீமியம் சில நூறு ரூபாய்தான், ஆன்லைனிலேயே புதுப்பிக்கலாம். பாலிசி நம்பர் ஏஜென்ட் தந்த காகிதங்களில் இருக்கும், வாரிசு இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். அந்தக் காகிதக் கட்டை இன்றைக்கே எடுத்துத் தேடுங்கள்.