வீட்டுத் தோட்டத்தில் நாட்டுக் காட்டுப்பூச்செடிகளை வளர்த்து தேனீயையும் வண்ணத்துப்பூச்சியையும் வரவைப்பது எப்படி?

சென்னைப் புறநகரில் வெயில் விழும் 10க்கு 4 அடிப் பாத்தி, அதில் ஒரு மூட்டை மண்புழு உரம், சித்திரையில் தூவிய ‘காட்டுப்பூ விதைக் கலவை’ பாக்கெட். நாலு காஸ்மாஸ் நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்தது, மீதியெல்லாம் கோரை என்று கேள்வியில் சொல்லியிருக்கிறீர்கள். உரம், மாதம், விதை மூன்றுமே தவறு. நாட்டுக் காட்டுப்பூச்செடிகளுக்குக் கவனிப்புக் குறைந்து கெடுவதைவிட, கூடிப்போய்க் கெடுவதுதான் அதிகம்.

காஸ்மாஸ், செண்டுமல்லி, கைலார்டியா எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். தேனுக்குத் தேனீ வரும், அதில் குற்றமில்லை. ஆனால் நம் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் பெரும்பாலும் அவற்றைத் தின்னாது. புழுவுக்கு இலை இல்லாத தோட்டத்தில் பூச்சி வந்து குடித்துவிட்டுப் போகும், தங்காது.

உங்கள் பாத்திக்கு முதல் செடி ஆவாரை. அதன் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அந்த மகரந்தமும் பைக்குள் அடைபட்டிருக்கும். நுனித் துளை வழியாகத்தான் வெளியே வரும். கருவண்டும் (மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் பெரிய கருந்தேனீ) நீலவரித் தேனீயும் பூவைக் கவ்விக்கொண்டு ‘ங்ங்’ என்று உடம்பை அதிரவைத்து அதை உதிர்த்தெடுக்கும். அடுக்குத்தேனீக்கு அந்த வித்தை தெரியாது, சிந்தியதைப் பொறுக்கும். கத்தரிப்பூவின் அமைப்பும் இதேதான். ஆவாரைக்கு வரும் வண்டு பக்கத்துக் கத்தரிக்கும் போகும், காய்ப்பிடிப்பு கூடும். ஆள் உயரம் வளரும் என்பதால் பாத்தியின் வடக்கு ஓரத்தில் 4 அடி இடைவெளியில் இரண்டு செடி போதும். தெற்கில் வைத்தால் மழைக்கால வெயிலை மற்றவற்றுக்கு மறைக்கும்.

தேனுக்குத் தும்பை. கொசுத்தேனீயிலிருந்து சின்ன வண்ணத்துப்பூச்சி வரை எல்லாம் வரும். நடுவில் ஒரு கிலுகிலுப்பைக் கொத்து, கரையில் விஷ்ணுகிராந்தி, ஈரம் நிற்கும் மூலையில் பொடுதலை, வேலியில் சங்குப்பூ. இடமிருந்தால் ஓர் எருக்கு. வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு அதன் இலையைத் தின்னும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, குழந்தைகள் விளையாடும் பக்கம் வேண்டாம். கிலுகிலுப்பை ஆடுமாட்டுக்கு நஞ்சு. அந்த நஞ்சைத் தேடித்தான் நீல வரியன் வண்ணத்துப்பூச்சியும் அதன் இனத்தவையும் வாடிய இலையைச் சுரண்ட வரும். ஆண் பூச்சி அதை வைத்துத்தான் பெண்ணை ஈர்க்கும் வாசனையைத் தயாரிக்கிறது. ஆகவே காய்ந்த குச்சியைப் பிடுங்கி எறியாதீர்கள்.

விதையைக் காலிமனையிலும் சாலையோரத்திலும் எடுக்கலாம். காப்புக்காட்டில் கை வைக்காதீர்கள். ஒரு செடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஆவாரங்காய் பழுப்பாகிக் காய்ந்ததும், கிலுகிலுப்பைக் காய் ஆட்டினால் சத்தம் கேட்டதும் பறிக்க வேண்டும். கிலுகிலுப்பைக் காயில் ஓட்டை இருந்தால் உள்ளே அந்துப்பூச்சியின் புழு விதையைத் தின்று முடித்திருக்கும், விட்டுவிடுங்கள். நிழலில் உலர்த்திக் காகித உறையில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் மிச்ச ஈரம் பூஞ்சையாகிவிடும்.

ஆவணிக் கடைசியில் பாத்தியை 2 அங்குலம் கொத்தி, கோரைக்கிழங்கைக் கையால் பொறுக்கி எடுத்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். இரண்டு வாரத்தில் களை முளைக்கும். அதை மேலாகச் சுரண்டுங்கள், மறுபடி ஆழமாகக் கொத்தினால் அடியில் தூங்கும் களைவிதை மேலே வந்துவிடும். உரம் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே போட்டதன் வீரியத்தைக் குறைக்க, மேல்மண்ணோடு மூன்று நான்கு சட்டி மணல் கலக்கலாம். தரையைவிட 3 அங்குலம் பாத்தி உயர்ந்திருக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். புரட்டாசிக் கடைசி வாரத்தில் விதையுங்கள். ஆவாரை, கிலுகிலுப்பை, சங்குப்பூ மூன்றுக்கும் விதைத்தோல் கெட்டி. உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்து, ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் ஊறவையுங்கள். காலையில் ஊதியிருப்பவை தயார், ஊதாதவற்றை மறுபடி தேய்க்க வேண்டும். ஆவாரைக்கு ஆணிவேர் நீளம், பிடுங்கி நட்டால் பெரும்பாலும் பிழைக்காது. வளரவேண்டிய இடத்திலேயே குழிக்கு மூன்று விதை அரை அங்குல ஆழத்தில் போட்டு, பிறகு ஒன்றை மட்டும் விடுங்கள். தும்பை விதை ஒரு தேக்கரண்டிக்குக் காய்ந்த மணல் பத்துத் தேக்கரண்டி கலந்து தூவி, பலகையால் அழுத்துங்கள். மூடினால் தூள்மண் ஒரு பூச்சு, அவ்வளவே. மேலே பச்சைத் தென்னோலை போட்டால் பெருமழை அடித்துக்கொண்டு போகாது. முளை தெரிந்த அன்றே ஓலையை எடுத்துவிடுங்கள். விட்டால் நாற்று வெளுத்து நீளும், அடித்தண்டு அழுகும்.

களை எடுக்கும்போதுதான் அதிகம் தவறு நடக்கிறது. தும்பைக்கு எதிரெதிர் இலையும் சதுரத் தண்டும். பார்த்தீனியம் முதலில் தரையோடு வட்டமாகப் படியும், இலை கேரட் இலைபோலக் கிழிந்திருக்கும், பூக்கும்முன் பிடுங்கிவிடுங்கள். வெட்டுக்காயப்பூண்டும் வெளிநாட்டதுதான், ஆனால் வண்ணத்துப்பூச்சிகளுக்கு அதன் தேன் மிகப் பிடிக்கும். ஓரத்தில் ஒரு கைப்பிடி இருந்துவிட்டுப் போகட்டும்.

இலையில் ஓட்டை விழுந்தால் வேப்பெண்ணெய் தெளிக்கப் போகாதீர்கள். எந்தப் புழுவுக்காகச் செடி வைத்தீர்களோ அதுவே செத்துவிடும். நர்சரியில் செடி வாங்கினால் இமிடாகுளோபிரிட் ஊற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். வேர் வழியாக ஏறித் தேனிலும் மகரந்தத்திலும் வரும் மருந்து அது.

தரையில் கூடு கட்டும் தேனீக்களுக்கு ஒரு முழம் இடத்தை மூடாக்கு இல்லாமல் வெறும் மண்ணாக விடுங்கள். கருவண்டுக்கு ஒரு காய்ந்த மூங்கில் போதும். கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் வைத்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டி மாற்றுங்கள். இல்லையென்றால் கொசுப்புழு பார்க்க மாநகராட்சி ஆள் வந்து நிற்பார்.

தைக்குப் பிறகு தும்பை காயும். பார்க்கக் குப்பைபோல இருக்கும், வீட்டில் யாராவது சுத்தம் செய்யச் சொல்வார்கள். மாசிவரை விட்டு, 3 அங்குலம் நிறுத்தி அறுத்து, அதே பாத்தியில் தலைகீழாக உதறுங்கள். அடுத்த புரட்டாசிக்குத் தும்பை விதை தேட வேண்டியதில்லை.